ஏரிக்கரையில் அப்பாவோடு ஏழு நாள்: கூடாரம், தூண்டில், கொஞ்சம் அமைதி. யோசனை சொல்லுங்கள்

மெல்லலை
ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஒரு வாரம் விடுப்பு கிடைத்திருக்கிறது. நானும் அப்பாவும் மட்டும் ஓர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

எனக்குத் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அப்பாதான். இப்போது அவருக்கு 68 வயது. முழங்கால் வலி இருப்பதால் அதிகம் நடக்க முடியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பேச்சும் குறைந்துவிட்டது. கேட்டால் பதில் சொல்வார், தானாக எதுவும் சொல்வதில்லை. இந்த ஒரு வாரம் எங்கள் இருவருக்குமே தேவைப்படுகிறது.

இதுவரை நாங்கள் விடிகாலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடும் ஆட்கள். தண்ணீர் ஓரத்தில் இரவு தங்கியதே இல்லை. ஏரியின் ஒரு பக்கம் காடு, எதிர்ப்பக்கம் நாணல். காட்டுப் பக்கக் கரையில் ஒரு பெரிய மரம் தண்ணீருக்குள் சாய்ந்து விழுந்து கிடக்கிறது. நடுவில் நல்ல ஆழம் என்கிறார்கள். மீன்பிடி அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டேன். விறகுத் தீ மூட்டக்கூடாது, சிறிய எரிவாயு அடுப்பு வைத்துக்கொள்ளலாம்.

என் கேள்விகள்: ஏழு நாளும் ஒரே இடத்தில் இருக்கலாமா, இடம் மாற வேண்டுமா? கூடாரத்தை எங்கே போடுவது? எதை மறந்தால் பெரிய கஷ்டம் வரும்? முதல் இரண்டு நாள் எதுவும் சிக்காமல் போனால் அப்பா சோர்ந்துவிடுவாரோ என்று ஒரு பயமும் இருக்கிறது.

மீன்கொத்தி77
ஞாயிறு, இரவு 10.15

நல்ல முடிவு நண்பரே. ஆனால் ஏழு நாளும் ஒரே இடம் வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். ஓர் இடத்தில் மீன் இல்லை என்றால் அங்கேயே உட்கார்ந்திருப்பதால் வரப்போவதில்லை. நான் எப்போதும் மூன்று இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டுதான் கிளம்புவேன்.

இன்னொன்று, காற்றழுத்தம் காட்டும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். அழுத்தம் இறங்கத் தொடங்கும்போது மீன் வெறியோடு கடிக்கும். ஏறி நிலைத்துவிட்டால் வாயே திறக்காது. நாலு வருடமாகக் கவனித்துச் சொல்கிறேன்.

நாணல்கரை
திங்கள், காலை 5.50

தம்பி, ஒரே இடத்தில் இருங்கள். மீன்கொத்தி சொல்வது ஒரு நாள் பயணத்துக்குப் பொருந்தும். ஒரு வாரம் என்பது வேறு விஷயம். கூடாரத்தைப் பிரிப்பது, மூட்டை கட்டுவது, மறுபடி அடிப்பது என்று ஒவ்வொரு இடமாற்றமும் அரை நாளைத் தின்றுவிடும். முழங்கால் வலிக்காரருக்கு அது தண்டனை.

அதைவிடப் பெரிய காரணம், ஒரு நீர்நிலை தன்னை உடனே காட்டிக்கொள்ளாது. முதல் நாள் நீங்கள் பார்ப்பது வெறும் தண்ணீர். மூன்றாம் நாள்தான் எந்த ஓரத்தில் எந்த நேரத்தில் குஞ்சுமீன் துள்ளுகிறது, நீர்க்காகம் எங்கே முங்கி எங்கே எழுகிறது, நிழல் எப்போது எந்தப் பக்கம் விழுகிறது என்பதெல்லாம் கண்ணில் படும். பறவைகளைப் பின்பற்றுங்கள். அவற்றுக்கு அது பிழைப்பு, தப்பாகப் போகாது.

காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறது என்று தினமும் பாருங்கள். காற்று தொடர்ந்து ஒரு பக்கமாக அடித்தால் மேல்நீரும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்களும் எதிர்க்கரையில் போய்ச் சேரும். அவற்றைத் தின்னச் சின்ன மீன் வரும், சின்ன மீனைத் தேடிப் பெரியது வரும். அலை வந்து மோதும் கரை உட்கார வசதியாக இருக்காது. மீன் அங்கேதான் இருக்கும்.

விழுந்த மரம் இருக்கிறது என்றீர்களே, அது பொக்கிஷம். நிழலும் ஒளிவிடமும் பாசி தின்னும் பூச்சிகளும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் நேராக அதன் மேல் போய் நிற்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி உட்கார்ந்து, கிளைகளின் வெளியோரத்தில் இரையை இறக்குங்கள். உள்ளே வீசினால் தூண்டில் முள்ளும் போகும், அதைக் கட்டிய நரம்பும் போகும்.

ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். நேரம், காற்று, தண்ணீரின் நிறம், என்ன கடித்தது. அவ்வளவு போதும். பேனா வேண்டாம், பனியில் மை கலைந்துவிடும்.

அப்பா சோர்ந்துவிடுவாரோ என்ற பயம் தேவையில்லை. அந்தத் தலைமுறைக்குக் காத்திருக்கத் தெரியும். பொறுமை போவது நமக்குத்தான்.

ஈரமண்
திங்கள், காலை 8.30

கூடாரம் பற்றி நான் சொல்கிறேன். எல்லோரும் தண்ணீரை ஒட்டியே அடிக்க ஆசைப்படுவார்கள். தயவுசெய்து வேண்டாம். குறித்து வைத்த முகாம் இடம் இருந்தால் அங்கேயே போடுங்கள். இல்லையென்றால் கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, அதாவது பெரியவர் நடையில் சுமார் 80 எட்டு. விலங்குகளும் பறவைகளும் தண்ணீர் குடிக்க வரும் வழியை நாம் மறிக்கக்கூடாது என்பது ஒரு காரணம். இரவில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும் என்பது இன்னொன்று. கரையோரப் பள்ளத்தில் படுத்தால் ஈரமும் குளிரும் சேர்ந்து எலும்புக்குள் இறங்கிவிடும். கொஞ்சம் மேடான இடம் போதும், வித்தியாசம் தெரியும். மேட்டில் காற்றோட்டம் இருப்பதால் கொசுவும் குறைவு.

அடிக்கும் முன் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். பட்டுப்போன கிளை, சாய்ந்த மரம் இருந்தால் அந்த இடம் வேண்டாம். தரையில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் அடிப்பகுதியைவிட ஒரு விரல் சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்துக் கூடாரத்துக்கு அடியில் அனுப்பிவிடும். குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் மூடிவிட்டால், நாம் விடும் மூச்சே காலையில் சொட்டுச் சொட்டாக மேலே விழும். மேல் சன்னல் திறந்தே இருக்கட்டும்.

எந்த நிலையிலும், எவ்வளவு மழை பெய்தாலும், அடுப்பைக் கூடாரத்துக்குள் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு வைத்தவர் ஒருவரை நாங்கள் வெளியே இழுத்துப்போட்டிருக்கிறோம். அவர் பிழைத்தார். அதனால் இதை மட்டும் ஒவ்வொரு இழையிலும் எழுதிக்கொண்டே இருப்பேன்.

பாத்திரமோ உடம்போ ஏரிக்குள் சோப்புப் போட்டுக் கழுவக்கூடாது. மட்கும் சோப்பு என்று போட்டிருந்தாலும் அது மட்குவது மண்ணில்தான். ஒரு வாளியில் தண்ணீரை எடுத்துத் தள்ளி வந்து கழுவுங்கள். கழிவறை இல்லாத இடமானால் அதே 60 மீட்டர் கணக்கு, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி, மண் போட்டு மூட வேண்டும்.

மெல்லலை
திங்கள், மாலை 7.05

நாணல்கரை ஐயா, ஈரமண் அக்கா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. இரண்டு சந்தேகங்கள். 60 மீட்டர் தள்ளிக் கூடாரம் போட்டால் அப்பா ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குவார்? இரவில் எழுந்து போவதும் சிரமம்.

இன்னொன்று, சின்ன வயதில் அப்பா என்னைக் கரையில் பேசவே விடமாட்டார். "வாயை மூடு, மீன் ஓடிவிடும்" என்பார். இப்போதும் அப்படித்தான் இருக்க வேண்டுமா? ஏழு நாளும் பேசாமலே போய்விடுமோ என்று தோன்றுகிறது.

ஈரமண்
திங்கள், மாலை 7.40

ஏறி இறங்கத் தேவையில்லை தம்பி. பகல் முழுக்கக் கரையில் ஒரு மடக்கு நாற்காலி, நிழலுக்கு ஒரு விரிப்பு, தண்ணீர், மாத்திரை எல்லாம் அங்கேயே இருக்கட்டும். தூங்க மட்டும் மேலே வந்தால் போதும். நாற்காலி கைப்பிடி உள்ளதாக, உட்காரும் இடம் உயரமாக இருப்பதாகப் பாருங்கள். தாழ்வான முகாம் நாற்காலியிலிருந்து எழுவது முழங்காலுக்குப் பெரிய வேலை. ஊன்றுகோல் ஒன்று. வழியில் பகலிலேயே கல், வேர் எல்லாம் பார்த்து வைத்து, பாதையின் இருபுறமும் வெள்ளைத் துணித்துண்டு கட்டுங்கள். இரவில் தலைவிளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். திரும்பும்போது மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள்.

நீர்க்கோடு
திங்கள், இரவு 9.20

பேசலாம். தாராளமாகப் பேசலாம். இதைச் சொல்வதற்காகவே உள்ளே வந்தேன்.

காற்றில் வரும் ஒலி தண்ணீரின் மேற்பரப்பில் பட்டதும் பெரும்பாலும் அப்படியே திரும்பிவிடும். உள்ளே போவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். இயல்பான குரலில் நீங்கள் பேசுவது மீனுக்கு ஒரு பொருட்டே அல்ல. மீனை விரட்டுவது கால். கரையில் தடதடவென்று நடந்தால் அந்த அதிர்வு மண் வழியாக நேரே தண்ணீருக்குள் இறங்கும். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1480 மீட்டர் போகும், காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். மீனின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு பக்கத்தில் நீர் அசைவதைக்கூடத் தொட்டுப் பார்ப்பதுபோல் உணரும். படகின் அடித்தட்டில் ஒரு டப்பா விழுந்தால், மீனுக்கு அது தலைமாட்டில் இடி.

அடுத்தது கண். நீருக்குள்ளிருந்து மீன் வெளியுலகைப் பார்ப்பது தலைக்கு மேல் ஒரு வட்டச் சன்னல் வழியாகத்தான். அதன் விரிவு சுமார் 97 பாகை. கரையில் தாழ்ந்து உட்கார்ந்திருப்பவர் அந்தச் சன்னலின் விளிம்பில் நசுங்கிய சிறு கோடாகத்தான் தெரிவார். எழுந்து நின்று கையை வீசினால் உருவமே வந்துவிடும். ஆக, உட்கார்ந்து பேசுங்கள். நின்றுகொண்டு மௌனமாக இருப்பதைவிட அது எவ்வளவோ நல்லது.

மீன்கொத்தி77 நண்பரே, காற்றழுத்தம் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு ஒரு கணக்கு இடிக்கிறது. வானிலை மாறும்போது அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் இறங்குகிறது என்று வையுங்கள், அதுவே பெரிய மாற்றம். தண்ணீரில் ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழம். மீன் வெறும் 20 சென்டிமீட்டர் மேலே வந்தாலே அதே மாற்றத்தை உணர்ந்துவிடும். தினமும் பலமுறை மீட்டர் கணக்கில் ஏறி இறங்கும் உயிருக்கு இது எப்படிப் பெரிய செய்தியாகும்?

மீன்கொத்தி77
செவ்வாய், காலை 7.10

கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்ததும் பொய்யில்லை. புயல் வருவதற்கு முந்தைய மாலையில் நான் பிடித்த அளவு வேறெந்த நாளிலும் பிடித்ததில்லை. காரணம் அழுத்தம் இல்லையென்றால் வேறு என்ன?

நீர்க்கோடு
செவ்வாய், காலை 7.45

நீங்கள் பார்த்ததை நான் நம்புகிறேன். அழுத்தம் இறங்கும்போது அது தனியாக வருவதில்லை. மேகம் வருகிறது, வெளிச்சம் குறைகிறது. காற்று எழுகிறது, நீர்ப்பரப்பு கலைந்து மேலிருந்து பார்க்கும் பறவைக்கு மீன் தெரியாமல் போகிறது. அந்த மங்கலில் பெரிய மீன் துணிந்து ஓரத்துக்கு வரும். விடியலிலும் அந்தியிலும் நன்றாகக் கடிப்பதும் இதனால்தான். உங்கள் அனுபவம் சரி, அதற்கு வைத்த பெயர்தான் வேறு என்பது என் எண்ணம்.

நடுவில் ஆழம் என்றாரே மெல்லலை, அதற்கும் ஒரு வார்த்தை. வெயில் காலத்தில் ஆழமான ஏரி அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேலே வெதுவெதுப்பான அடுக்கு, கீழே குளிர்ந்த கனமான அடுக்கு, இடையில் வெப்பநிலை சட்டென்று மாறும் ஒரு மெல்லிய எல்லை. கோடை நீள நீளக் கீழடுக்கில் பிராணவாயு தீர்ந்துகொண்டே வரும், மேலிருந்து புதிதாக எதுவும் இறங்காது. அதனால் ஆழத்தின் அடியில் போய்க் காத்திருப்பது பல ஏரிகளில் வீண். அந்த எல்லைக்குச் சற்று மேலே, அல்லது காலை மாலையில் ஓரத்தில், அங்கேதான் தேட வேண்டும்.

தக்கைக்காரன்
செவ்வாய், மதியம் 1.30

சாமான் பற்றி யாரும் பேசவில்லையே. சரி, நான் வருகிறேன்.

அப்பாவிடம் பழைய கோல் இருந்தால் அதையே எடுத்துப் போங்கள். புதிதாக வாங்கிக் கொடுத்து அவரை மறுபடி பழகச் சொல்லாதீர்கள். ஆனால் ரீலில் உள்ள நைலான் நரம்பைக் கட்டாயம் மாற்றுங்கள். வெயிலிலும் வயதிலும் நைலான் உள்ளுக்குள் செத்துவிடும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இரண்டு கையால் பிடித்துச் சுண்டிப் பாருங்கள், பட்டென்று போனால் தெரிந்துவிடும். பின்னல் நரம்பு உறுதிதான், ஆனால் துளிகூட நீளாது. மீன் திடீரென்று இழுக்கும்போது நைலானின் இழுவை ஒரு மெத்தைபோல் காப்பாற்றும். தக்கை போட்டு அமைதியாக உட்காருபவருக்கு நைலானே போதும்.

முடிச்சு எதுவானாலும் இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த நரம்பு உரசும்போது வரும் சூட்டில் அந்த இடம் பலவீனமாகிவிடும். பெரிய மீன் போவது பெரும்பாலும் முடிச்சில்தான்.

வட்டமுள் வாங்கிக்கொள்ளுங்கள். முனை உள்நோக்கி வளைந்திருக்கும். அது மீனின் வாயோரத்தில் மாட்டும், தொண்டைக்குள் இறங்குவது அரிது. ஆனால் கடித்தவுடன் வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். வட்டமுள்ளில் இழுத்தால் வெறுமனே வெளியே வந்துவிடும். நரம்பு இறுகும்வரை பொறுத்து, நிதானமாகச் சுற்ற வேண்டும். எந்த முள்ளானாலும் எதிர்முனையை, அதாவது நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கூரை, குறடால் நசுக்கிவிடுங்கள். மீனுக்கும் நல்லது, உங்கள் விரலுக்கும் நல்லது.

ஈயக்குண்டு வேண்டாம். கரையில் விழும் சிறு குண்டுகளை நீர்ப்பறவைகள் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. அன்னங்கள் அப்படிச் செத்ததால்தான் பிரிட்டனில் 1987-லேயே பெரும்பாலான ஈயக்குண்டுகளைத் தடை செய்தார்கள். தகரத்திலும் டங்ஸ்டனிலும் குண்டு கிடைக்கிறது.

ஈரமண்
செவ்வாய், மாலை 6.15

தக்கைக்காரன் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிடித்ததையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, விட்டுவிடுங்கள். ஏரிக்கு நாம் விருந்தாளிகள்.

தக்கைக்காரன்
செவ்வாய், மாலை 6.50

இதில் நான் மாறுபடுகிறேன் ஈரமண். ஒரு நாளைக்கு முப்பது மீனைப் பிடித்துப் பிடித்து விடுவதைவிட, இரண்டு பிடித்துச் சமைத்துவிட்டுத் தூண்டிலைச் சுருட்டி வைப்பது மேல். விட்டது எல்லாம் பிழைக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வெயிலில் போராடிக் களைத்த மீன் நீந்திப் போவது தெரியும், அரை மணி கழித்து என்ன ஆனது என்று யார் பார்த்தது?

நாணல்கரை
புதன், காலை 5.40

இருவரும் மீனின் மேல் உள்ள அக்கறையில்தான் பேசுகிறீர்கள். எனக்கும் முதலில் எல்லாவற்றையும் விட்டுவிடும் வழக்கம் இருந்தது. தண்ணீர் சூடேறிய ஒரு நண்பகலில் விட்ட மீன்கள் சில மாலையில் வயிறு மேலாக மிதந்ததைப் பார்த்த பிறகு மாற்றிக்கொண்டேன். 10 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் பிராணவாயு கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். களைத்த மீனுக்கு அந்த வித்தியாசம்தான் உயிர். அதனால் வெயில் ஏறிய பிறகு நான் தூண்டிலையே தொடுவதில்லை. அந்த நேரத்தில் தூங்கலாம்.

விடுவதானால் ஒழுங்காக விடுங்கள். கையை நனைத்த பிறகே தொட வேண்டும். மீன் மேல் இருக்கும் வழவழப்புதான் அதன் நோய்த்தடுப்பு, உலர்ந்த கையும் துணியும் அதை உரித்துவிடும். செவுளுக்குள் விரல் விடக்கூடாது. முடிந்தவரை தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். தொண்டைக்குள் போய்விட்டால் தோண்டாதீர்கள், முள்ளுக்குப் பக்கத்தில் நரம்பை வெட்டிவிடுங்கள், பிழைக்க வாய்ப்பு அதிகம். வைத்துக்கொள்வதானால் உடனே தலையில் ஒரே அடி. மூச்சுத் திணறவிட்டுப் பக்கத்தில் போட்டுவைப்பது பாவம். அளவும் எண்ணிக்கையும் அனுமதிச் சீட்டில் உள்ளபடி.

மிச்சமான புழுவையும் இரையையும் ஏரியிலோ காட்டிலோ கொட்டாதீர்கள். வட அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில் பனியுகத்துக்குப் பிறகு மண்புழுவே இல்லாமல் இருந்தது. தூண்டில்காரர்கள் வீசியெறிந்த புழுக்களும் சேர்ந்துதான் அங்கே பரவி, காட்டுத்தரையின் சருகுப் படுகையையே தின்றுகொண்டிருக்கின்றன.

நீர்க்கோடு
புதன், இரவு 8.30

கிளம்பும் முன் இரண்டு மட்டும். ஏரித்தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் போதும், 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். ஆனால் தண்ணீர் மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படலம் இருந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு கொதித்தாலும் போகாது. அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ, அதில் இறங்கவோ வேண்டாம்.

இடி கேட்டதும் தூண்டிலைக் கீழே போடுங்கள். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். திறந்த கரையில் அதைத் தூக்கிப்பிடித்து நிற்பது மின்னலை அழைப்பது. கூடாரம் பாதுகாப்பு இல்லை, வண்டிக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காருங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.

மெல்லலை
புதன், இரவு 9.10

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். நரம்பைச் சுண்டிப் பார்த்தேன், அண்ணா சொன்னதுபோல் பட்டென்று போனது. அப்பாவே உட்கார்ந்து புதிது சுற்றினார். திரும்பி வந்ததும் எழுதுகிறேன்.

மெல்லலை
ஞாயிறு, மாலை 5.20

போய் வந்துவிட்டோம். நேற்று இரவுதான் வீடு சேர்ந்தோம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே இடத்தில்தான் இருந்தோம். முதல் நாள் கூடாரம் அடிக்கவே மாலையாகிவிட்டது. இரண்டாம் நாள் விடியலிலிருந்து இருட்டும்வரை ஒரே ஒரு விரல் நீளக் குஞ்சு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் பதற்றம். இடம் மாறலாமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன். ஐயா எழுதியது அப்படியே நடந்தது.

அன்று மதியம் நீர்க்கோடு எழுதியதை அப்பாவிடம் சொன்னேன். பேச்சு மீனுக்குக் கேட்காது, காலடிதான் கேட்கும் என்று. அவர் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ இத்தனை வருடம் உன்னைச் சும்மா அதட்டியிருக்கிறேன்" என்றார். அப்புறம், தன்னையும் தாத்தா அப்படித்தான் அதட்டுவார் என்றார். தாத்தா தூண்டில் போடுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மூன்றாம் நாளிலிருந்து பேச்சு வந்தது. நிறைய இல்லை. தக்கையைப் பார்த்துக்கொண்டே ஒரு வாக்கியம், கால் மணி நேரம் கழித்து இன்னொன்று. முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, வீட்டில் சொல்லாததெல்லாம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது இரவில் தனியாக உட்கார்ந்திருந்தது, ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. நான் அதிகம் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

நான்காம் நாள் காற்று திரும்பியது. அதுவரை நாணல் பக்கம் போய்க்கொண்டிருந்த அலை எங்கள் கரைக்கு வர ஆரம்பித்தது. மதியம் முழுக்க இரைச்சல், துளித்துளியாக முகத்தில் அடித்தது. நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தலாமா என்றேன். அப்பா, "இப்போதுதான் வரும்" என்றார். இருட்டுவதற்கு முன் ஒன்றரை மணி நேரத்தில் ஏழு. அதில் ஒன்றைத் தனியாகத் தூக்க முடியாமல் அவர் கோலைப் பிடிக்க, நான் கைவலையோடு முட்டளவு தண்ணீரில் இறங்கினேன். இரண்டை வைத்துக்கொண்டோம், மற்றதை நனைந்த கையால் விட்டோம். தக்கைக்காரன் அண்ணா, இரண்டு ஆனதும் இன்னும் கடித்துக்கொண்டிருக்கும்போதே தூண்டிலைச் சுருட்டலாம் என்று சொன்னது நான்தான். அப்பா மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் போட்டுப் போட்டு விட்டார். அவரை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள் மதியம் இடி. வண்டிக்குள் இரண்டு மணி நேரம். வெள்ளைத் துணி கட்டியிருந்ததால்தான் அந்த மழை இருட்டில் வழி தெரிந்தது, அக்கா. கூடாரத்துக்குள் ஒரு சொட்டு நீர் வரவில்லை.

ஒரு தவறும் நடந்தது. ஆறாம் நாள் நான் விழுந்த மரத்தின் உள்பக்கம் வீசி மாட்டிக்கொண்டேன். நரம்பு அறுந்து, ஒரு கை நீளம் கிளையில் தொங்கியது. அதை அப்படியே விட்டு வர முடியவில்லை. நைலான் மட்க நூற்றுக்கணக்கான வருடம் ஆகும் என்கிறார்கள், அந்தக் கிளையில்தான் தினமும் ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும். மறுநாள் காலை அலை அடங்கியதும், கரையிலிருந்து கவட்டை உள்ள நீளக் கழியால் இழுத்து எடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. முள்ளும் வந்துவிட்டது.

கடைசி நாள் விடியலில் தண்ணீரிலிருந்து ஆவி எழுந்து எதிர்க்கரையே தெரியவில்லை. அப்பா எனக்கு முன்பே இறங்கிப் போய் நாற்காலியில் இருந்தார். தூண்டில் கூடாரத்திலேயே இருந்தது. எடுத்து வரட்டுமா என்றேன். வேண்டாம், உட்கார் என்றார்.

மீன்கொத்தி77
ஞாயிறு, மாலை 6.00

இரண்டு முறை படித்தேன் நண்பரே. நான் என் அப்பாவுடன் ஒருமுறைகூடத் தூண்டிலுக்குப் போனதில்லை. இந்த விடுமுறைக்கு அழைத்துப் போகிறேன். இடம் மாறப் போவதில்லை.

ஒரு சந்தேகம்: காற்று திரும்பிய அன்று மேகம் இருந்ததா, வெயிலா?

நாணல்கரை
திங்கள், காலை 5.45

தம்பி, அந்தக் கழியால் இழுத்து எடுத்தீர்களே, அதற்கு நன்றி. நோட்டில் என்ன எழுதினீர்கள்? முடிந்தால் நான்காம் நாள் பக்கத்தை மட்டும் இங்கே போடுங்கள்.

மெல்லலை
திங்கள், இரவு 8.50

ஐயா, முதல் மூன்று நாள் நான் எழுதினேன். நான்காம் நாளிலிருந்து அப்பா பென்சிலை வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கம் அவர் கையெழுத்து. மீன்கொத்தி நண்பர் கேட்டதற்கும் பதில் அதிலேயே இருக்கிறது:

"மதியம் 2 மணி வரை வெயில். பிறகு மேகம். காற்று நம் கரைக்கு. தண்ணீர் கலங்கல், தேநீர் நிறம். மாலை 5.10 முதல் 6.40 வரை 7. மரத்தின் வெளியோரம், நான்கடி ஆழம், புழு. இரண்டு வைத்தோம். பையன் வலையோடு இறங்கினான், குளிரும் என்று சொன்னேன், கேட்கவில்லை. 6.50-க்கு மீன்கொத்தி வந்தது."

நோட்டில் இன்னும் முக்கால்வாசிப் பக்கம் காலியாக இருக்கிறது. காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும் பருவத்தில் நாணல் கரை எப்படி இருக்கும் என்று அப்பா உங்களிடம் கேட்கச் சொன்னார்.

நாணல்கரை
செவ்வாய், காலை 5.30

நாணலில் விடியற்காலை மட்டும்தான், வெயில் ஏறினால் ஒன்றும் நடக்காது என்று சொல்லுங்கள். தண்டுகளுக்கு நடுவே கைவிரிப்பு அளவு இடைவெளி இருக்கும் இடமாகப் பார்த்து, தக்கையைச் சின்னதாக்கி, இரண்டடி ஆழத்துக்கு மேல் இறக்காமல் போடச் சொல்லுங்கள். தரை சேறாக இருக்கும், நாற்காலிக் கால்களுக்கு அடியில் பலகை ஒன்று தேவைப்படும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.